காரும் கௌரவமும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கார்களுக்கு விரோதி அல்ல. மழை கொட்டுகிற இரவில், கடைசி பஸ்ஸும் போய்விட்ட பிறகு, கையில் பையோடு தெருமுனையில் நிற்கிற மனிதனுக்கு எதிரே ஒரு கார் வந்து நின்று கதவைத் திறந்தால், அது அவனுக்குப் புஷ்பக விமானம்தான். என் நாவல்களில் எத்தனையோ கதாநாயகர்களைக் காரில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். பெட்ரோலுக்குக் காசு கொடுக்க வேண்டியவன் நான் அல்ல என்பதால் கொஞ்சம் தாராளமாகவே அனுப்பியிருக்கிறேன்.

என் சண்டை வேறு. கடல் கடந்து போய், உடம்பைக் கசக்கிச் சம்பாதித்து, அந்தச் சம்பாத்தியத்தில் பெரும் பகுதியைக் கொட்டி ஓர் உயர்ந்த ரக அயல்நாட்டுக் காரை வாங்குகிறார்களே, அது தகுமா? கொடுத்த விலைக்கு அது பெறுமா? பெறாது என்பது என் கட்சி. காரணம் சொல்கிறேன். கேட்டுவிட்டு, 'இந்தக் கிழவருக்குப் பொறாமை' என்று தீர்ப்பளித்தாலும் எனக்கு வருத்தம் இல்லை.

சென்ற ஆண்டு சிங்கப்பூருக்குப் போயிருந்தேன். என் அக்காளின் மகன் அங்கே இருக்கிறான். இன்ஜினீயர். நல்ல பையன், தமிழ்ப் புத்தகம் படிக்கிற பையன், அதைவிட அதிசயம், மாமன் எழுதிய புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிற பையன். சாங்கி விமான நிலையத்தில் என்னைக் கட்டித் தழுவி வரவேற்றுவிட்டு, "வாருங்கள் மாமா, காடி அங்கே நிற்கிறது" என்றான். அந்த ஊர்த் தமிழர்கள் காரைக் காடி என்றுதான் சொல்கிறார்கள்.

காடி நின்றது. ஜெர்மனி தேசத்துக் காடி. கறுப்பு நிறம், முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். உள்ளே உட்கார்ந்தால் தோல் மெத்தை நம்மை இன்னொரு முறை கட்டித் தழுவிக்கொள்கிறது. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகம் போகும் என்று பெருமையோடு சொன்னான். "இந்த ஊரில் எவ்வளவு வேகம் போகலாம்?" என்று கேட்டேன். "விரைவுச்சாலையில் அதிகபட்சம் 90" என்றான். இந்தத் தீவுக்குக் கிழக்கு மேற்காக நீளம் ஐம்பது கிலோமீட்டர். அவனுடைய கார் தன் முழுச் சக்தியையும் காட்டினால் பன்னிரண்டு நிமிஷத்தில் கடலில் இறங்கிவிடும்! இதைச் சொன்னேன். சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பில் முழு மனசு இல்லை என்பதைக் கவனித்தேன்.

மறுநாள் காலை, அவன் வேலைக்குப் போன பிறகு, காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட உட்கார்ந்தேன். வாசகர்களும் என்னோடு கொஞ்சம் பொறுமையாக உட்கார வேண்டும். கணக்கில்லாமல் கார் வாங்குகிறவர்கள் இருக்கலாம். கணக்கில்லாமல் காரைக் கண்டிக்கிறவன் நியாயவான் ஆகமாட்டான்.

ஒரு கார் சிங்கப்பூர் துறைமுகத்தில் வந்து இறங்கும்போது அதன் சந்தை மதிப்பு 60,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊர் டாலரைத்தான் வெள்ளி என்கிறார்கள். அதற்குக் கலால் வரி 20 சதவீதம், 12,000 வெள்ளி. இரண்டையும் கூட்டி அதன்மேல் 9 சதவீதம் பொருள் சேவை வரி, 6,480 வெள்ளி. பதிவுக் கட்டணம் 350. அதற்கப்புறம் கூடுதல் பதிவுக் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்துக் கூடுதலாக ஏதோ பத்து இருபது கேட்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2023 பிப்ரவரியில் அமலுக்கு வந்த விகிதப்படி, காரின் மதிப்பில் முதல் 20,000 வெள்ளிக்கு 100 சதவீதம், அடுத்த 20,000-க்கு 140 சதவீதம், அதற்கடுத்த 20,000-க்கு 190 சதவீதம். அதற்கும் மேலே போனால் 250, 320 என்று ஏணி ஏறுகிறது. நம்முடைய 60,000 வெள்ளிக் காருக்கு இந்தக் 'கூடுதல்' மட்டும் 86,000 வெள்ளி!

இவ்வளவும் கட்டினாலும் கார் வாங்க உரிமை வந்துவிடவில்லை. உரிமை தனி. வாகன உரிமைச் சான்றிதழ் என்று 1990-ல் ஏற்படுத்தினார்கள். மாதம் இரண்டு தடவை ஏலம். இத்தனை சான்றிதழ்தான் உண்டு என்று சர்க்கார் சொல்லிவிடும். வேண்டியவர்கள் விலை கேட்கலாம். தோற்றவர்களில் மிக உயர்ந்த விலை கேட்டவன் எவனோ, அவன் கேட்டதற்குமேல் ஒரு வெள்ளி சேர்த்து, ஜெயித்தவர்கள் அத்தனை பேரும் கட்ட வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 1,50,001 வெள்ளிக்குப் போயிற்று. கடைசியில் நிற்கும் அந்த ஒற்றை வெள்ளியை நினைத்துப் பாருங்கள். ஒன்றரை லட்சம் வெள்ளி கொடுக்கத் தயாராக இருந்த ஒரு மனிதன் தோற்றுப்போய் வீட்டுக்குத் திரும்பினான் என்று அது சொல்கிறது. அந்தக் கணத்தில் அந்த ஊரிலேயே பெரிய அதிர்ஷ்டசாலி அவன்தான். ஆனால் அது அவனுக்குத் தெரிந்திருக்காது.

நாம் அவ்வளவு போகவேண்டாம். சான்றிதழுக்கு ஒரு லட்சம் வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் கூட்டினால் 2,64,830 வெள்ளி. விற்பவருடைய லாபத்தை இன்னும் நான் சேர்க்கவில்லை. கார் 60,000, காரைச் சுற்றியுள்ளவை இரண்டு லட்சத்துக்கு மேல். 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்று நம் பாட்டிமார்கள் சொன்னார்கள். அவர்கள் ஏதோ வாய்க்கு வந்தபடி சொன்னதாக நினைத்திருந்தேன். விகிதம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது!

இவ்வளவு கொடுத்து வாங்கிய உரிமை எத்தனை காலத்துக்கு? பத்து ஆண்டுகளுக்கு. பதினோராம் ஆண்டின் முதல் நாள் அந்தக் கார் சாலையில் ஓட முடியாது. மறுபடியும் அன்றைய விலைக்குப் பணம் கட்டி ஐந்து ஆண்டுக்கோ பத்து ஆண்டுக்கோ புதுப்பிக்கலாம். இல்லையென்றால் காரை ஒழித்துவிட வேண்டும். அப்படி ஒழித்தால் கட்டிய கூடுதல் கட்டணத்தில் ஒரு பங்கு திரும்ப வரும். 2023-ல் அதற்கும் 60,000 வெள்ளி என்று உச்சவரம்பு கட்டிவிட்டார்கள். அந்தப் பங்கைத் தாராளமாகக் கழித்து, நிகரச் செலவு 2,20,000 வெள்ளி என்று கொண்டாலும், ஆண்டுக்கு 22,000. நாள் ஒன்றுக்கு 60 வெள்ளி. பெட்ரோல் தனி. இன்ஷூரன்ஸ் தனி. சாலை வரி தனி. நிறுத்துமிடக் கட்டணம் தனி. நெரிசலான நேரத்தில் சில சாலைகளில் நுழைந்தால் வளைவுக்கு வளைவு மின்னணு முறையில் பிடித்துக்கொள்ளும் கட்டணம் தனி. இது 1998 முதல். கார் கீழே சும்மா தூங்கிக்கொண்டிருந்தாலும் அறுபது வெள்ளி. அந்த அறுபது வெள்ளியில் தினமும் இரண்டு மூன்று தடவை டாக்சியில் போய் வரலாம். ஓட்டுகிற கஷ்டமும் இல்லை. துடைக்கிற கஷ்டமும் இல்லை.

இதற்காகச் சிங்கப்பூர் சர்க்காரை நான் குறை சொல்லப்போவதில்லை. உண்மையில் அவர்களைப் பாராட்டுகிறேன். சுமார் 735 சதுர கிலோமீட்டர் நிலம்; அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு ஏற்கெனவே சாலையாகிவிட்டது. ஆளுக்கொரு கார் வாங்கினால் மனிதர்கள் கடலில்தான் குடியிருக்க வேண்டும். ஆகவே 1975-லேயே நகரின் நடுப்பகுதிக்குள் காலை நேரத்தில் கார் நுழையக் கட்டணம் வைத்தார்கள். 1987-ல் ரயில் விட்டார்கள். 2018 பிப்ரவரியிலிருந்து கார்களின் எண்ணிக்கை வளரவே கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். இவ்வளவு வரியும் ஏலமும் சேர்ந்து அந்த ஊர் ஜனங்களுக்குச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: 'ஐயா, கார் வாங்காதீர்கள்! ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது, அதில் போங்கள்!'

ஆனால் மனிதனுடைய மனசு இருக்கிறதே, அது விசித்திரமானது. வாங்காதே என்பதற்காக ஏற்றிய விலையையே அவன் வாங்குவதற்குக் காரணமாக ஆக்கிக்கொண்டுவிட்டான். எல்லோராலும் வாங்க முடியாதாகையால், வாங்கியவன் பெரிய மனிதன். தடுப்பதற்குக் கட்டிய சுவரின்மேல் ஏறி நின்று, 'என்னைப் பார்!' என்கிறான். விலை ஏற ஏறச் சுவர் உயர்கிறது. சுவர் உயர உயர அவனும் உயர்ந்துவிட்டதாக நினைக்கிறான்.

1942 பிப்ரவரி 15-ந் தேதி பிரிட்டிஷ் படைத் தலைவர் ஜப்பானியரிடம் சிங்கப்பூரை ஒப்படைத்துக் கையெழுத்திட்டது எங்கே என்று வாசகர்களுக்குத் தெரிந்திருக்கலாம். புக்கித் தீமா சாலையில் இருந்த ஃபோர்டு கார்த் தொழிற்சாலையில்! கார் முன்னிலையில் சரணடைவது அந்த ஊருக்குப் புதிதல்ல.

சாயங்காலம் மருமகன் வந்ததும் காகிதத்தைக் காட்டினேன். அவன் வருத்தப்படுவான் என்று நினைத்தேன். இல்லை, வாதத்துக்குத் தயாராகவே இருந்தான். இந்தக் கணக்கை என்னைவிட நன்றாக அறிந்தவன் அவன்.

"மாமா, நேரம் என்று ஒன்று இருக்கிறதே. ரயிலில் போனால் ஆபீஸுக்கு நாற்பத்தைந்து நிமிஷம். காரில் இருபத்தைந்து. தினம் நாற்பது நிமிஷம் மிச்சம்."

"நல்லது அப்பா. நேற்று எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தாய்?"

"ஒன்பதரை. வேலை அதிகம். கூடுதல் நேரம் பார்த்தால்தான்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். காரினால் நாற்பது நிமிஷம் மிச்சம். காருக்காக இரண்டு மணி நேரம் செலவு. ரயிலில் போகிற அந்த நாற்பத்தைந்து நிமிஷத்தில் இவன் முன்பெல்லாம் புத்தகம் படித்துக்கொண்டு போனான் என்பது எனக்குத் தெரியும். இப்போது முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கைப் படித்துக்கொண்டு போகிறான்.

"பத்திரம் இருக்கிறது மாமா. குழந்தையை வைத்துக்கொண்டு..."

பத்திரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் காற்றுப்பையும் நல்ல பிரேக்கும் இந்தக் காலத்தில் சாதாரணக் கார்களிலும் வந்துவிட்டன. கைக்குழந்தையோ நடமாட முடியாத பெரியவர்களோ உள்ள குடும்பத்துக்கும், சாமான் ஏற்றிப் பிழைக்கிற தொழிலாளிக்கும் ஒரு வாகனம் அவசியமாக இருக்கலாம். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. அவசியத்துக்கு ஒரு சாதாரண வண்டி போதும். இவன் வீட்டுக்கு ரயில் நிலையம் எட்டு நிமிஷ நடை. கீழே இறங்கினால் பஸ் நிற்கிறது. மகன் நடந்தே பள்ளிக்கூடம் போகிறான்.

"சரி மாமா. என் பணம், நான் உழைத்தது. மனிதனுக்கு ஒரே ஒரு வாழ்க்கை. அதில் ஓர் ஆசை இருக்கக்கூடாதா?"

இதுதான் உண்மையான வாதம். மற்றவையெல்லாம் இதற்கு முன்னால் வந்து நின்ற காவலாளிகள். ஆசைக்கு எதிராக யார் பேச முடியும்? கணக்குப் பார்த்தா பட்டுப்புடவை வாங்குகிறோம்? கணக்குப் பார்த்தா கல்யாணம் செய்கிறோம்? அந்தக் காரை ஒரு கலைப் படைப்பாக ரசிக்கிறவன் இருந்தால், என்ஜினின் சத்தத்தைத் தோடி ராகம்போல் கேட்டு மயங்குகிறவன் இருந்தால், அவன் தாராளமாக வாங்கட்டும். அவன் ரசிகன். ரசிகனோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

ஆனால் என் மருமகன் அப்படிப்பட்டவன் அல்ல. நான் அங்கிருந்த மூன்று வாரத்தில் அவன் ஒரு நாளாவது காரை ஓட்டுவதற்காகவே ஓட்டிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போனோம். போனது பதினைந்து நிமிஷம். நிறுத்த இடம் தேடிச் சுற்றியது இருபத்தைந்து நிமிஷம். வழியெல்லாம் அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. பக்கத்து வண்டி உரசிவிடுமோ என்ற பயம்தான் இருந்தது. அவன் மனைவி அன்று வரவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "ஞாயிற்றுக்கிழமை டூட்டி போட்டுக்கொண்டால் கொஞ்சம் அதிகமாகக் கிடைக்கும், மாமா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனது ரயிலில்.

ஒரு நாள் இரவு எல்லோரும் தூங்கிய பிறகு, பால்கனியில் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். அவன் மெதுவாகச் சொன்னான்: "இந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை மாமா. மேலே இருக்கிறவன் மனிதனை மனிதனாக நடத்துவதில்லை. இரண்டு வருஷமாக விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். ஒரு நண்பர் சின்னக் கம்பெனி ஆரம்பிக்கிறார், கூப்பிடுகிறார். சம்பளம் குறைவு, ஆனால் வேலை எனக்குப் பிடித்த வேலை."

"போகவேண்டியதுதானே?"

அவன் பதில் சொல்லவில்லை. கீழே, பல அடுக்கு நிறுத்துமிடத்தின் பக்கம் பார்த்தான்.

அந்த ஊர்ச் சட்டப்படி இந்த மதிப்புள்ள காருக்கு விலையில் 60 சதவீதத்துக்குமேல் கடன் வாங்க முடியாது. ஏழு ஆண்டுக்குமேல் தவணையும் கிடையாது. என் கணக்கிலுள்ள காருக்கு 1,05,000 வெள்ளிக்குமேல் கையிலிருந்து கொடுக்க வேண்டும். ஊரில் அக்காளின் வீட்டை இடித்துக் கட்டுவதற்கென்று அவன் சேர்த்து வைத்திருந்த பணம் அப்படித்தான் போயிற்று என்று பிறகு தெரிந்துகொண்டேன். மீதிக் கடனுக்கு, வட்டியைச் சேர்க்காமலே, மாதம் 1,890 வெள்ளி. எண்பத்து நான்கு மாதங்கள். சின்னக் கம்பெனிச் சம்பளம் அதைத் தாங்காது.

கார் மனிதனுக்குச் சுதந்திரம் தருகிறது என்று விளம்பரக்காரர்கள் எழுதுகிறார்கள். நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போகலாமாம். இவன் தினமும் போக விரும்பாத ஓர் இடத்துக்குப் போய், பார்க்க விரும்பாத ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அந்த இடத்துக்கு இவனை ஏற்றிக்கொண்டு போவது எது? அதே கார்தான்! இந்தச் செலவை எந்த ரசீதிலும் எழுதவில்லை. நான் கூட்டிய 2,64,830 வெள்ளியிலும் அது வரவில்லை.

ஆகவே, கொடுத்த விலைக்கு அந்தக் கார் பெறுமா என்று கேட்டால், முதலில் விலை என்ன என்று சரியாகச் சொல்லுங்கள் என்பேன். வெள்ளியில் மட்டும் சொன்னால் போதாது. விடமுடியாத வேலை, ஞாயிற்றுக்கிழமை இல்லாத மனைவி, தூங்கிய பிறகு வீடு வருகிற தகப்பன், ஓட்டு ஒழுகுகிற தாயார் வீடு, இவற்றையும் கூட்டிச் சொல்லுங்கள். கூட்டிவிட்டு, 'பெறும்' என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறவர் வாங்கட்டும்.

இந்த இடத்தில் வாசகர்கள் என்னைக் கேட்கலாம்: 'எங்கேயோ சிங்கப்பூரில் யாரோ கார் வாங்கினால் எங்களுக்கு என்ன? நாங்கள் மயிலாப்பூரில் ஆட்டோவில் போகிறவர்கள்.'

அங்கேதான் வருகிறேன். அந்தக் காரை வாங்கியது யார்? என் மருமகன் கையெழுத்துப் போட்டான், அவ்வளவுதான். வாங்கியது நாம். வெளிநாட்டுப் பிள்ளையின் தாயாரைக் கோயிலில் பார்த்தால் நாம் என்ன கேட்கிறோம்? 'பையன் சௌக்கியமா? நன்றாகத் தூங்குகிறானா? வேலை பிடித்திருக்கிறதா?' என்றா கேட்கிறோம்? 'சொந்த வீடா? கார் என்ன கார்?' என்று கேட்கிறோம். அவள் வீட்டுக்குப் போய் டெலிபோனில் மகனிடம் கேட்கிறாள். மகன் கூசிப்போகிறான். எதிர்வீட்டுப் பையன் அமெரிக்காவிலிருந்து காரில் சாய்ந்துகொண்டு படம் அனுப்பியிருக்கிறான். அந்தப் படம் தெரு முழுவதும் கைக்குக் கை போகிறது. ரயிலில் நின்றுகொண்டு புத்தகம் படிக்கிற படத்தை யார் கைக்குக் கை அனுப்பப்போகிறார்கள்?

என் அக்காளின் வீட்டுக் கூடத்தில் இப்போது அந்தக் கறுப்புக் காரின் படம் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. மழைக்காலத்தில் அந்தச் சுவரில் ஈரம் இறங்குகிறது. ஆகையால் படத்தைக் கொஞ்சம் தள்ளி மாட்டியிருக்கிறாள்.

நான் மட்டும் யோக்கியனா? அன்று பால்கனியில் அவன் சொன்னான். குற்றம் சாட்டிச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னான். "மூன்று வருஷத்துக்கு முன்னால் உங்கள் பிறந்த நாளுக்குப் போன் பண்ணினேனே, ஞாபகம் இருக்கிறதா மாமா? 'என்னடா, இத்தனை வருஷமாகச் சம்பாதிக்கிறாய், இன்னும் பஸ்ஸிலும் ரயிலிலுமா போகிறாய்?' என்று கேட்டீர்கள்."

எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் கேட்டிருப்பேன். பேச வேறு விஷயம் அகப்படாத நேரத்தில் நாம் எல்லோரும் கேட்கிற கேள்விதான் அது.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பிள்ளைகளும் மருமக்களும் கடல் கடந்து இருப்பார்கள். அடுத்த முறை பேசும்போது காரைப் பற்றிக் கேட்காதீர்கள். என்ன புத்தகம் படிக்கிறாய், ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போயிற்று என்று கேளுங்கள். அவன் தானாகவே, "கார் வாங்கலாம் என்று பார்க்கிறேன்" என்று சொன்னால், "உனக்கு அதில் அவ்வளவு ஆசையா?" என்று மட்டும் கேளுங்கள். ஆமாம் என்றால் ஆசீர்வாதம் செய்யுங்கள். தயங்கினால், ரயிலில் போவதில் ஒரு குறைவும் இல்லை என்று சொல்லுங்கள்.

நான் மருமகனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கொஞ்சம் தாமதமாகத்தான். தவணை இன்னும் ஐந்து ஆண்டு இருக்கிறது.